தாழ்ப்பாள் உள்ள இடங்கள்

ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர், இருபத்து நாலு மணி.
ஹாவேரி தாண்டி ஒரு பங்க், அங்கே ஒரு பில்,
பிறகு அதே சாலையில் வீடு.
வக்கீல் ஆபீஸில் பதினோரு வருஷமாய்
விபத்துக் கட்டுகளைத் தட்டச்சு செய்கிறவளுக்கு
கணக்குதான் முதலில் வரும்.

தொப்பூர் இறக்கம் எனக்குப் பார்க்காமலே தெரியும்.
எந்த வளைவில் லாரிக்கு பிரேக் பிடிக்கவில்லை,
எந்தப் பாலத்துச் சுவரில் யாருடைய இடது கால்,
அந்தக் காலுக்கு எத்தனை சதவீதம்.
'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்'
என்று விரல் தானாய் அடிக்கும்.
ஒருமுறை மளிகைச் சீட்டில்கூட எழுதிவிட்டேன்.

மூன்று மாதம், ஞாயிற்றுக்கிழமைகள்.
விளாங்குடியில் கிளம்பி திண்டுக்கல், கரூர்,
நாமக்கல்லில் முட்டை லாரி நிழலில் ஒரு டீ,
திரும்பல்.
முதல் மாதம் உட்காரும் இடம் வலித்தது.
அடுத்த மாதம் மரத்துப்போனது.
அப்புறம் அது என்னுடையது இல்லை,
சீட்டோடு சேர்த்துத் தைத்தது.

என் நோட்டில் பங்குகள்:
வேடசந்தூர் தாண்டி இடப்பக்கம், தண்ணீர் உண்டு, பல்பு இல்லை.
கரூர் புறவழி, சாவி மேனேஜரிடம்,
மேனேஜர் சாப்பிடப் போயிருப்பார்.
பரமத்தி வேலூர் பாலம் தாண்டி, தாழ்ப்பாள் உண்டு.
தாழ்ப்பாளுக்கு அடியில் இரண்டு கோடு.
அதற்கு வடக்கே வெறும் பக்கம்.
கன்னடத்தில் ஒரே ஒரு வாக்கியம் கற்றேன்,
எங்கே என்று முடியும்.

சிம்மக்கல்லில் ஜெய்லானி
செயின் மாற்றினான், பிரேக் ஷூ மாற்றினான்,
புது கிளட்ச் ஒயர் ஒன்றை
ஓடுகிற ஒயருக்குப் பக்கத்திலேயே படுக்க வைத்து
டேப் சுற்றினான்.
"அறுந்துச்சுன்னா இருட்டுல தேட வேண்டாம்ல."
டயரை ஒரு தட்டுத் தட்டி,
"வண்டி போயிட்டு வந்துரும்க்கா" என்றான்.
வண்டியை மட்டும்தான் சொன்னான்.

முந்தின நாள் ஏழு மணிக்குப் படுக்கணும்.
மதுரையில் ஏழு மணிக்குப் படுப்பது
மாட்டுத்தாவணியில் பாய் விரிப்பது மாதிரி.
கீழ்வீட்டில் தொடர் ஆரம்பம்,
தெருமுனையில் யாருக்கோ காதுகுத்து, மைக் செட்,
கல்லில் கொத்துக் கரண்டி.
எனக்கு நாலு இட்லி, சட்னி இல்லாமல்.
காதில் பஞ்சு வைத்தேன்.
பஞ்சுக்குள் என் ரத்தம்
ஐந்தாம் கியரில் போய்க்கொண்டிருந்தது.
தூங்கவில்லை.
நோட்டில் ஆறு மணி நேரம் என்று எழுதினேன்.

கிளம்பும் நேரத்துக்குச் சாட்சி வேண்டும்.
ராத்திரி ரெண்டே முக்காலுக்கு
எதிர்வீட்டு பிரிட்டோ இருந்தான்,
புரோட்டாக் கடையை மூடிவிட்டு அப்போதுதான் வந்தவன்.
படிக்காமல் கையெழுத்துப் போடப் போனான்.
சாட்சி படிச்சுட்டுத்தான் போடணும் என்றேன், பழக்கதோஷம்.
படித்தான். உதடு அசையப் படித்தான்.
"நீங்க வரலைன்னா என்னைக் கூப்பிடுவாங்களா?"
"மாட்டாங்க."
போட்டான்.
அவன் கட்டைவிரல் எண்ணெய் படிவத்தின் மூலையில் ஊறி
அந்த இடம் மட்டும் கண்ணாடி ஆனது.
அதன் வழியாகப் பார்த்தேன், தெருவிளக்கு தெரிந்தது.

பரவை பங்க். மூணு மணி நாலு நிமிஷம்.
மீட்டரில் 41,286.
பில்லில் மை மங்கல்,
வெயில் பட்டால் அழிகிற தாள்.
பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு
இணைப்பு ஒன்று என்று மேலே எழுதினேன்.

பெட்ரோல் போட்ட பையன்
தூக்கக் கலக்கத்தில் ஹெல்மெட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"எங்கக்கா இந்நேரத்துல?"
"ஹாவேரி."
"அங்க யாரு இருக்கா?"
"யாரும் இல்லை."
"அப்புறம் எதுக்கு?"

ரெண்டு டியூப், ஒரு ஒயர், குளுக்கோஸ், முதலுதவி,
எல்லாம் பையில் இருக்கிறது.
இதற்கு மட்டும் ஒன்றும் எடுத்து வைக்கவில்லை.

சில்லறையை அவனையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு
பின்பக்கம் போனேன்.
தாழ்ப்பாள் இருந்தது.
கொஞ்சம் இறுக்கம்.